டார்லினுக்குப் பதிலாக வந்தவள்

செப்டம்பர் 29, ஞாயிறு

இவருடைய மறதிக்கு வைத்தியம் பார்க்கிற கிளினிக்கிலிருந்து மாதமொருமுறை ஒரு தாதி வருகிறா. அவதான் எழுதச் சொன்னா. என்ன சாப்பிட்டார், எப்போது நித்திரை கொண்டார், எதற்குக் கோபப்பட்டார் என்று தினமும் நாலு வரி போதுமாம். ஆங்கிலத்தில் எழுதவேண்டுமா என்று கேட்டேன். உங்களுக்கு எது லேசோ அதில் எழுதுங்கள், வரும்போது வாசித்துச் சொன்னால் போதும் என்றா.

இன்று: காலையில் பாணும் சம்பலும். மத்தியானம் சோறு, மீன்குழம்பு. நன்றாகச் சாப்பிட்டார். கோபம் இல்லை.

நாலு வரி முடிந்துவிட்டது. ஆனால் இன்று எழுத வேறு விஷயம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு ஆரணியின் நாடகம் தொலைக்காட்சியில் தொடங்குகிறது. "ஃபெர்ரி ரோட்." ஆறு வாரம். எங்களுடைய ஒரே பிள்ளை அதில் துப்பறியும் சார்ஜன்ட்.

இது புதுக் கதை இல்லை. இருபது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் எடுத்ததை இப்போது இங்கிலாந்துக்கு ஏற்றமாதிரி மாற்றி எடுத்திருக்கிறார்கள். அந்த அமெரிக்க "ஃபெர்ரி ரோட்" எங்கள் வீட்டில் ஐந்தாவது வேதம் மாதிரி. இவருக்கு அப்போது பெற்றோல் நிரப்புகிற செட்டில் இரவு வேலை. கிழமை முழுக்க மகளும் தகப்பனும் முகம் பார்ப்பது அரிது. ஞாயிறு பின்னேரம் மட்டும் இரண்டு பேரும் சோபாவில் ஒட்டிக்கொண்டிருந்து அதைப் பார்ப்பார்கள். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு பெண்பிள்ளை காணாமற்போகிறது, டார்லின் என்கிற பொலிஸ்காரி தேடுகிறாள். நான் குசினியில் நிற்பேன். கொலைகாரன் யாரென்று இரண்டு பேரும் பந்தயம் பிடிப்பது கேட்கும். நடிப்புப் பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு ஆரணி நடித்துக் காட்டியதும் டார்லினைத்தான்.

இப்போது அவளே டார்லின். பெயரை மட்டும் டீனா என்று மாற்றியிருக்கிறார்கள்.

இவரிடம் சொன்னேன். "டார்லின் நல்ல நடிகை" என்றார்.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. கனடாவிலிருந்து மச்சாள், ஜெர்மனியிலிருந்து என் தம்பி. பார்க்க வழியில்லாதவர்களும் வாழ்த்தினார்கள்.

எட்டு மணிக்கு இருவரும் இருந்தோம். பொழுதுபட்டால் இவருக்கு இருப்புக் கொள்ளாது. இருந்தாலும் நாடகத்தின் தொடக்கப் பாட்டுக் கேட்டதும் அமைதியாகிவிட்டார். பாட்டு பழையதுதான், வேறு ஆள் பாடியிருந்தது. ஆற்றுக்குப் பதிலாக வடக்குக் கடல். மழை. ஒரு பொலிஸ் கார் வந்து நின்றது. கதவைத் திறந்து ஆரணி இறங்கினாள்.

இவர் முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார்.

"இவ ஆர்? டார்லின் எங்க?"

உங்கட மகள் என்று சொன்னேன். அவர் காதில் விழவில்லை. டார்லினை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு எழும்பி ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டார். நான் திரும்பப் போட்டேன். அதற்குப் பிறகு பார்க்க முடியவில்லை.

முடிந்ததும் ஆரணி போன் எடுத்தாள். மான்செஸ்டரில் ஒரு மேடை நாடக ஒத்திகையில் இருக்கிறாள். "அப்பா என்ன சொன்னவர்?" என்பதுதான் முதல் கேள்வி. அப்பாவுக்கு நல்லாப் பிடிச்சுக்கொண்டுது என்றேன்.

என் கை வாசல் நிலையில் இடித்துவிட்டது. ஐஸ் வைத்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

இவர் தூங்கும்போது போனில் பார்த்தேன். பார்க்காதே என்று ஆரணி சொல்லியிருந்தாள். பார்த்தேன்.

பேப்பர் ஒன்று ஐந்தில் இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறது. அமெரிக்காவின் வெயிலை எடுத்துவிட்டு நம்முடைய மழையை ஊற்றினால் புதுக் கதையாகிவிடாது என்று எழுதியிருந்தார்கள். அதையாவது பொறுக்கலாம். கீழே சனங்கள் எழுதியிருந்ததுதான். டார்லினைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒருவர். இவள் துப்பறிவாளா, மருந்துக்கடையில் மருந்து எடுத்துத் தருகிறவளா என்று இன்னொருவர். கணக்குக் காட்டுவதற்காக ஒரு கறுத்த முகத்தைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்றதற்கு முந்நூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும், கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பிள்ளையின் கண் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தா. அவவுக்கு யாரும் பதில் எழுதவில்லை.

அந்தப் பெண்ணுடைய பெயரை இரண்டு தரம் வாசித்தேன். லிண்டா. எங்கே இருக்கிறாவோ, நன்றாக இருக்கட்டும்.

பக்கத்து வீட்டு பாலின் வேலியடியில் கூப்பிட்டா. என் முழுப்பெயர் வாயில் நுழையாததால் நான் அவவுக்கு இருபது வருடமாக "பூவா" தான். மகளைக் கண்டேன், அழகாக இருக்கிறாள் என்றா. கதை எப்படி என்று கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத மனுசி. பழையதுதான் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லி, உடனே செடியைக் குனிந்து பார்த்தா.

அக்டோபர் 9, புதன்

சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. நன்றாகச் சாப்பிட்டார். வெளிக்கதவின் மேற்பக்கத்தில் ஒரு கொளுக்கி பூட்டுவித்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

இரண்டாவது பாகத்தை நேற்றுப் போடவில்லை. பதிவு செய்து, இன்று தேத்தண்ணீர் நேரம் போட்டேன். பகலில் இவர் நல்ல மாதிரி.

முழுதாகப் பார்த்தார். பார்த்தார் என்பதைவிட, பிழை பிடித்தார். அமெரிக்காவில் இந்த இடத்தில் நாய் குரைக்கும், இதில் நாயைக் காணவில்லை. படகுக்காரன் இவ்வளவு மெலிவில்லை. அவனுடைய தம்பியில்தான் எனக்குச் சந்தேகம், இஞ்சாரும், பாரும் என்றார். இருபது வருடத்துக்கு முந்திய காட்சிகள் ஒன்றுவிடாமல் நினைவில் இருக்கின்றன. காலையில் சாப்பிட்டது இல்லை.

டீனா வரும்போதெல்லாம் பேசாமல் இருந்தார். பிடிக்காத விருந்தாளி வந்தால் இருப்பதுபோல.

ஆரணிக்கு என்ன சொல்வது? அப்பா முழுதும் பார்த்தவர், நாயைத்தான் தேடினவர் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு, "என்னைப் பற்றி?" என்றாள். அடுப்பில் பால் பொங்குது பிள்ளை, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

கோயில். பாலின் இவரோடு இருந்தா.

வாகீசன் ஐயாவின் மனைவி, பிள்ளை ஏன் சிகரெட் பிடிக்கிறாள் என்று கேட்டா. அது மூலிகைச் சிகரெட், புகையிலை இல்லை என்று சொன்னேன். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாதே என்றா. இன்னொருத்தி, வெள்ளைக்காரனை முத்தமிடுகிற காட்சி வருமென்று கேள்விப்பட்டதாகச் சொன்னா. இன்னும் வரவில்லை என்றேன். எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறா போல.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் "ஃபெர்ரி ரோட்" பற்றிக் கதைத்தார்கள். ஒருத்தி, அந்தப் பெண் மரக்கட்டை மாதிரி நிற்கிறாள், ஒரு உணர்ச்சியும் இல்லை என்றாள். மற்றவள், அமெரிக்கக்காரிக்குக் கிட்டவும் வரமாட்டாள் என்றாள். அவளுடைய தோளைத் தொட நான் கையைத் தூக்கினேன். என்ன சொல்லப்போனேனோ தெரியாது. மணியை அடித்துவிட்டு என் இடம் வர முன்னமே இறங்கி நடந்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

இன்று கொஞ்சம் நடந்தார்.

அக்டோபர் 23, புதன்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும், தாதி கேட்பா. நான் குளித்துவிட்டு வரும்போது கொளுக்கி கழன்றிருந்தது. கதிரை வைத்து ஏறியிருக்கிறார். மழை. சப்பாத்து இல்லை, வீட்டுச் செருப்பு. தெருவெல்லாம் தேடி, பொலிசுக்குச் சொல்லி, திரும்பி வந்து நின்றபோது பெற்றோல் செட்டிலிருந்து போன் வந்தது. இவர் வேலை செய்த இடம்தான், இப்போது வேறு முதலாளி. கவுண்டருக்குள் போக வேண்டுமென்று நின்றாராம். கல்லாவில் இருந்த குஜராத்திப் பெண் இவரை முன்னப்பின்னக் கண்டதில்லை. இருந்தும் உள்ளே ஒரு கதிரை போட்டு இருத்தி, தன்னுடைய குளிர்ச்சட்டையைப் போர்த்தி, இவருடைய சேட்டுப் பையில் நான் எழுதி வைத்திருந்த நம்பரைப் பார்த்துப் போன் எடுத்திருக்கிறாள்.

நான் போனபோது வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தோசமாக இருந்தார். வீட்டுக்கு வரத்தான் விருப்பமில்லை. கொஞ்சம் பிடிவாதம் பிடித்தார். வேறொன்றுமில்லை. ஆரணிக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

நாலாவது பாகம். பார்க்கிறவர்கள் தொகை பாதியாகக் குறைந்துவிட்டதாம். இரண்டாம் வருடம் எடுக்கமாட்டார்கள் போலிருக்கிறது என்று ஆரணி சொன்னாள். குரல் அடைத்திருந்தது. தடிமன் என்றாள்.

பிறகு தானே சொன்னாள்: "அம்மா, ஊரெல்லாம் என்னவும் எழுதட்டும். எனக்கு அப்பா சொன்னாக் காணும். அவர் நல்லாயில்லை எண்டு சொன்னாலும் பறவாயில்லை. ஏன் எண்டு சொல்லுவாரெல்லே?"

அப்பா நல்லாயிருக்கெண்டு சொன்னவர் பிள்ளை என்றேன்.



"அப்பா ஒருநாளும் அப்பிடிச் சொல்லமாட்டார், அம்மா" என்றாள். "நீங்கள் சொல்லுறியள்."

போனை அவரிடம் தரச் சொன்னாள். கொடுத்தேன். "ஓம், ஓம், எல்லாம் நல்லம். நீங்கள் எப்பிடி?" என்றார். ஆறு மாதமாக எல்லோருக்கும் சொல்வது அதுதான். திரும்ப வாங்கியபோது அவள் அழுவது கேட்டது. கடைசிப் பாகத்துக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்தாள். வேலை இருக்குமே, கஷ்டப்படாதே என்று நான் சொல்லி முடிக்கவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

பிட்டு. கொஞ்சம் சாப்பிட்டார். மிச்சத்தைச் சுவரில் எறிந்தார். துடைத்துவிட்டேன்.

நவம்பர் 9, சனி

ஆரணி வந்தாள். வைகாசிக்குப் பிறகு இப்போதுதான். படப்பிடிப்பு, பிறகு ஒத்திகை. மறதி கூடியிருக்கிறது என்று மட்டும் நான் சொல்லி வைத்திருந்தேன்.

கதவைத் திறந்ததும் இவரும் பின்னால் வந்து நின்றார். "வாங்கோ, வாங்கோ" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, கிளினிக்கால வந்தனீங்களோ என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பை ஒதுக்கி வைக்கக் குனிந்தேன். "ஓம்" என்றாள் ஆரணி. "உங்களைப் பாத்திட்டுப் போக வந்தனான்."

குசினியில் வெங்காயம் வெட்டும்போது என் சட்டைக் கையை மேலே இழுத்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை நாலு விரலும் பதிந்த இடம் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

"இது என்ன?"

நிலையில் இடித்தது என்றேன்.

"நிலைக்கு விரல் இருக்கோ, அம்மா?"

அவர் வேணுமெண்டு செய்யேல்லை என்றேன். எனக்குத் தெரியும் என்றாள். சட்டைக் கையை மெதுவாக இழுத்து மூடிவிட்டு, மிச்ச வெங்காயத்தை அவளே வெட்டினாள்.

நவம்பர் 11, திங்கள்

கடைசிப் பாகம். இன்று பின்னேரம் மூன்று பேரும் பார்த்தோம். இவர் நடுவில், ஆரணி ஒருபக்கம், நான் ஒருபக்கம். நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

அமெரிக்கக் கதையில் அந்தப் பெண்பிள்ளை உயிரோடு கிடைப்பாள். இதில் மாற்றிவிட்டார்கள். கடலிலிருந்து எடுக்கிறார்கள். டீனா தகப்பனிடம் சொல்லப் போகிறாள். மீன்பிடிகாரர் வீடு, சிறிய கூடம், தகப்பன் ஏதோ வலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். டீனா வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. அவள் தொப்பியைக் கழற்றுகிறாள், அவ்வளவுதான். தகப்பனுக்கு விளங்கிவிடுகிறது. அந்த மனுசன் அழ, டீனா பேசாமல் நிற்கிறாள். அவளுடைய முகத்தை மட்டும் மிகக் கிட்டத்தில் காட்டுகிறார்கள், நெடுநேரம்.

இவர் ஆரணியின் முழங்கையைத் தட்டினார். பக்கத்தில் இருக்கிற ஆளுக்கு ஏதோ காட்டுவதுபோல.

"அது என்ர மகள்" என்றார்.

ஆரணி திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "உங்கட மகளோ?"

"ஓம். ஆரணி. ஒரே பிள்ளை."

"எப்பிடி நடிக்கிறா?"

அவர் யோசித்தார். முன்பு கொலைகாரனைக் கண்டுபிடிக்க யோசிக்கும்போது நாடியைத் தடவுவாரே, அப்படி. "முந்தி கொஞ்சம் அவசரம்" என்றார். "மற்ற ஆள் முடிக்க முன்னமே அடுத்த கேள்வியைக் கேட்டுப்போடுவாள். இப்ப பாருங்கோ, பொறுத்து நிக்கிறாள். அந்த மனுசன் அழட்டுமெண்டு விட்டிட்டு நிக்கிறாள். டார்லின் எண்டா இதில ஏதாவது கதைச்சுக் கெடுத்திருப்பாள்."

"அப்ப டார்லினை விட நல்லமோ?"

"இந்த இடத்தில மட்டும்."

ஆரணி சிரித்தாள். கண்ணீர் நாடி வரைக்கும் வந்துவிட்டது, துடைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தலைக்கனம் வந்திடும்" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "இல்லை, சொல்லுங்கோ. எனக்கு இரவு வேலை, அவளோட கனக்கக் கதைக்கக் கிடைக்கிறேல்லை. நீங்கள் கண்டாச் சொல்லுங்கோ."

"சொல்லுறன்" என்றாள் ஆரணி.

நான் எழும்பிக் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

நவம்பர் 13, புதன்

சனங்கள் மாறிவிட்டார்கள். மரக்கட்டை என்று எழுதின அதே இடத்தில், அந்தத் தகப்பன் வீட்டுக் காட்சியைப் பார்த்துவிட்டு இன்னும் அழுகை நிற்கவில்லை என்று எழுதுகிறார்கள். முடிவை மாற்றியதற்குத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையை ஏன் சாகவைத்தீர்கள், அமெரிக்காவில் காப்பாற்றினார்களே என்று ஒரு தாய் எழுதியிருந்தா. எனக்கும் அதே கேள்விதான்.

பாலின் கேக் கொண்டுவந்தா. பழையதுதான் பிடிக்கும் என்பதில் மாற்றமில்லையாம். ஆனால் அந்தக் காட்சிக்குப் பிறகு கோப்பை கழுவ முடியாமல் தன் தகப்பனை நினைத்து இருந்தாவாம்.

ஆரணிக்கு வாசித்துக் காட்டப் போனேன். வேண்டாம் அம்மா, எனக்குக் கிடைச்சிட்டுது என்றாள்.

நவம்பர் 15, வெள்ளி

தாதியும் சமூகசேவைப் பகுதியிலிருந்து ஒரு பெண்ணும் வந்தார்கள். ஆரணி கூப்பிட்டிருக்கிறாள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகச் சாப்பிட்டார் என்று வாசித்துக்கொண்டு போனேன். ஆரணி என் சட்டைக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நானே கையை நீட்டிக் காட்டினேன்.

நவம்பர் 26, செவ்வாய்

பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆரணி மான்செஸ்டருக்குப் போகமாட்டேன் என்று நின்றாள். நாடகம் தொடங்கப்போகிறது, போ என்று அனுப்பினேன். நாற்பது வருடமாக அவரை நான் பார்த்தேன், இனியும் பார்ப்பேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். அவள் போனபின் அவருடைய சேட்டுகளை மடித்தேன். ஒவ்வொன்றிலும் தில்லைநாதன் என்று பெயர் தைக்க வேண்டுமாம். ஊசியில் நூல் ஏறவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

கொண்டுபோய் விட்டோம். நல்ல இடம். சாப்பிட்டார் என்று சொன்னார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

முதல் ஐந்து நாள் வரவேண்டாம், பழகட்டும் என்றிருந்தார்கள். இன்று போனேன். இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு போனேன்.

இவர் யன்னலோரக் கதிரையில் இருந்தார். தலை வாரி, சவரம் செய்து, நான் பெயர் தைத்த நீலச் சேட்டுப் போட்டிருந்தார்கள். ஆரோக்கியமாகத் தெரிந்தார். என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்.

"வாங்கோ" என்றார். "ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

இஞ்சாரும் என்று வழக்கம்போல என்னைக் கூப்பிடுவார் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு போயிருந்தேன். மகளை மறந்தபோதும், தன் கை செய்ததை மறந்தபோதும், அந்தச் சொல் மட்டும் போயிருக்கவில்லை.

ஆரணி அன்று எப்படிச் சமாளித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு நடிக்கத் தெரியாது. "தில்லைநாதன் எண்டு ஒருத்தரைப் பாக்க வந்தனான்" என்றேன்.

அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். வாசலையும் எட்டிப் பார்த்தார்.

"வேலைக்குப் போட்டார் போல கிடக்குது" என்றார். "வந்திடுவார். நீங்கள் இருங்கோ."

தன் கதிரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தான் பக்கத்தில் நின்றார். நான் இருந்தேன். சாப்பாட்டுப் பை மடியில் சுட்டது. இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தோம்.